மேல் பல்லு

கொழுக்கட்டையின் வாயைக் கிள்ளி மூடி, மூடின விளிம்பிலே தேங்காய்ப் பல்லுகளை ஒவ்வொன்றாகக் குத்திக்கொண்டிருந்தாள் தயாபரி. அரை நிலவுபோலக் கிடக்கிற வெறும் மாவுக்குப் பல்லு வைத்த உடனே ஒரு முகம் வந்துவிடுகிறது, பயறும் சர்க்கரையும் வாய்கொள்ளாமல் அடக்கிக்கொண்டு இளிக்கிற முகம். இளிக்கட்டும். இன்றைக்கு இதுகள் இளிக்கவேண்டிய நாள்தான். இன்னும் கொஞ்சத்தில் நல்ல நேரம் தொடங்கிவிடும், விறாந்தையில் வெள்ளைத் துணி விரித்து அதில் மகள் ஆரணியை இருத்தி, தலைக்கு மேலே இன்னொரு துணியைப் பிடித்து, அவித்த கொழுக்கட்டை எல்லாவற்றையும் பூச்சொரிகிற மாதிரிச் சொரியவேண்டும். பல்லு முளைத்த பிள்ளைக்குப் பல்லுக்கொழுக்கட்டை. சொரியவேண்டியவன் தாய்மாமன். அது இந்த வீட்டு வழக்கமில்லை, தயாபரியின் ஊர் வழக்கம். கலியாணம் முடித்து இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அவள் வாய் திறந்து கேட்ட ஒரேயொரு காரியம் அதுதான், என்ரை அண்ணைதான் கொட்டவேணும் என்றது. கேட்டதும் சரியென்று விட்டார்கள். சரியென்ற பிறகுதான் எல்லாம் பிழையாகிப்போனது. இப்போது அண்ணை வருவானோ மாட்டானோ என்பதே தெரியாது. நேற்று அவர், ஆரணியின் அப்பா, போன் எடுத்துக் கேட்டதற்கு, "பாப்பம் மச்சான், வேலை கிடக்கு" என்றானாம். பாப்பம். அண்ணை பாப்பம் என்றால் மாட்டேன் என்று அர்த்தம், அது தெரியாமல் இந்த மனிசன் "வருவார் போலை" என்று சொல்லிவிட்டுப் படுத்துவிட்டது. மா காயத் தொடங்கியிருந்தது. ஈரத் துணியை இழுத்து மூடினாள். விளிம்பு வெடித்தால் பல்லு நிற்காது, அவியும்போது கழன்று தண்ணீருக்குள் விழுந்துவிடும், விழுந்தால் பிள்ளைக்குக் கூடாதென்று யாராவது சொல்வார்கள். எதுதான் யாருக்குத்தான் கூடும்.

தேங்காய்ப் பல்லு என்று யார் பேர் வைத்தார்களோ. கடிக்காதது, கடிபடுகிறது, அதற்குப் போய்ப் பல்லு என்று பேர். உள்ளிப் பூண்டுக்கும் பல்லு. சீப்புக்குப் பல்லு, அரிவாளுக்குப் பல்லு, மரம் அரிகிற வாளுக்குப் பல்லு, பூட்டுத் திறப்புக்குப் பல்லு, அவருடைய காற்சட்டைச் சிப்புக்குக்கூடப் பல்லுத்தான், போன கிழமை அதில் ஒன்று கழன்று இழுபடமாட்டேன் என்று நின்றது. தயாபரிக்கு ஆறாம் வகுப்போடு படிப்புப் போய்விட்டது, அதிலும் பாதி நாள் இடம்பெயர்ந்த இடத்தில் மரத்துக்குக் கீழே, இப்படியான கேள்வி எல்லாம் கேட்க ஒரு ரீச்சர் நிலையாக இருந்ததில்லை. அண்ணையிடம்தான் கேட்டாள். அவன் அப்போது சந்தியில் சைக்கிள் கடையில் நின்று வேலை பழகிக்கொண்டிருந்தான், அவனும் பெடியன்தான், மீசைகூட வரவில்லை. செயின் ஓடுகிற பல்லுச்சில்லை மண்ணெண்ணெயில் கழுவி அவளுடைய கையில் தந்து, "இதுக்கும் பல்லுத்தான், எண்ணு பாப்பம்" என்றான். எண்ணினாள். எங்கே தொடங்கினோம் என்பது மறந்து சுற்றிச் சுற்றி எண்ணிக்கொண்டே இருந்தாள். அவன் சிரித்துவிட்டுக் கிறீஸ் விரலால் ஒரு பல்லில் கறுப்புப் பொட்டு வைத்தான், இதிலையிருந்து எண்ணு. ஏன் அண்ணை இதைப் பல்லெண்டு சொல்லுறது? "நிரையா நிண்டு ஒண்டைப் பிடிக்கிறதெல்லாம் பல்லு." அப்ப உள்ளி, அது எதைப் பிடிக்குது? அவன் நட்டுக் கழற்றுகிற சாவியைக் கீழே வைத்துவிட்டு யோசித்தான். "ஒண்டை ஒண்டு பிடிச்சுக்கொண்டு நிக்குது. போடி, வேலை செய்யவிடு." பேச்சுக்குச் சொன்னானோ, தெரிந்துதான் சொன்னானோ. அன்றையிலிருந்து உள்ளி உரிக்கிற போதெல்லாம் முதல் பல்லைப் பிரிக்க அவளுக்கு ஒரு மாதிரி இருக்கும். முதலில் வாயில் இருக்கிறதற்குத்தான் அந்தப் பேர் வந்திருக்கவேண்டும். பிறகு எவளோ ஒருத்தி, மடியில் பிள்ளையை வைத்துக்கொண்டு உள்ளி உரித்தவள், பிள்ளையின் வாயையும் கையில் இருந்ததையும் மாறி மாறிப் பார்த்திருப்பாள். ஊசிக்குக் கண் என்றவளும் பானைக்கு வாய் என்றவளும் கட்டிலுக்குக் கால் என்றவளும் அவளாகத்தான் இருக்கும். வேறு என்ன இருந்தது அவளிடம், தன்னுடைய உடம்பைத் தவிர. எதைப் புதிதாகக் கண்டாலும் தன்னிடமிருந்து ஒன்றைக் கழற்றிக் கொடுத்திருக்கிறாள். தேங்காய் துருவுகிற திருவலைக்கும் பல்லுக் கொடுத்தது அவள்தான், கொடுக்காமல் விட்டிருக்கலாம். பள்ளிக்கூடத்தில் தயாபரிக்குத் திருவலை என்று பேர். மேல்வரிசை மிதந்து முன்னுக்கு நின்றது, இன்றைக்கும் நிற்கிறது, வாயை எவ்வளவு மூடினாலும் உதட்டுக்கு வெளியே ஒரு வெள்ளைக் கீற்று. தேங்காய் இருக்கோ, எங்கடை திருவலை வருது, என்று ஒருத்தன் கத்துவான். அண்ணை அவனை அடிக்கவில்லை. ஆனால் அந்தப் பெடியனுடைய சைக்கிளுக்கு மட்டும் அந்த வருடம் முழுக்கக் காற்று நிற்கவே இல்லை, ஒட்ட ஒட்ட ரியூப் ஒழுகியது, கடைசியில் அவன் நடந்தே வந்தான். சிரிக்கும்போது கையால் வாயை மூடுகிற பழக்கம் அப்போது வந்தது. பிறகு சிரிக்காதபோதும் மூடினாள், பேசும்போது மூடினாள், பேசாமல் விட்டாள். பெண் பார்க்க வந்த அன்றைக்கு அவர் தன் தமக்கையிடம் குசுகுசுத்தாராம், பிள்ளைக்குக் கதை வருமோ எண்டு ஒருக்கால் கேளுங்கோ அக்கா.

"என்ன பிள்ளை, இன்னும் முடியேல்லையோ. உன்ரை கொழுக்கட்டைக்குப் பல்லு முளைக்கிறதுக்குள்ளை அங்கை பிள்ளைக்குப் பல்லு விழுந்திடும்." அந்தத் தமக்கைதான், புவனேசு மச்சாள், குசினி வாசலில் நின்றா. மாமி இல்லாத வீட்டில் மாமிக்கும் சேர்த்து அவதான். கெட்டவ இல்லை, வாய்தான். "முடியுது மச்சாள்." மச்சாள் குனிந்து ஒரு கொழுக்கட்டையைத் தூக்கிப் பார்த்தா. "இதென்ன, இந்தப் பல்லு உன்ரை மாதிரி வெளியாலை நிக்குது" என்று சிரித்துக்கொண்டே விரலால் அமத்தி உள்ளே தள்ளினா. "கொண்ணை என்னவாம்? சனமெல்லாம் வந்திட்டுது. அவர் வராட்டில் பறவாயில்லை, என்ரை மனிசன் கொட்டட்டும். அவரும் பிள்ளைக்கு மாமாதானே, வெள்ளை வேட்டியோடை ரெடியா நிக்கிறார், கேட்டால் வெக்கப்படுறார்." "வருவார் மச்சாள்." "வந்தால் சந்தோசம். ஆனால் அந்த மனிசன் எப்ப பார் கிணத்தடியாலை வந்து கிணத்தடியாலை போற ஆள். இண்டைக்கெண்டாலும் முன்னுக்கு வந்து கதிரையிலை இருக்கச் சொல்லு. நாங்கள் என்ன பிடிச்சுத் தின்னப்போறமே." தயாபரி கையால் வாயை மூடிக்கொண்டு தலையாட்டினாள். மா ஒட்டின கை. உதட்டில் பச்சைமாவின் ருசி.

வருவார் என்று ஏன் சொன்னாள். அவள் செய்த வேலைக்கு யார் வருவார்கள். அந்தப் பல்லு மட்டும் கீழே முளைத்திருந்தால் ஒன்றும் இல்லை. கீழேதான் முளைக்கும் எல்லாப் பிள்ளைக்கும். ஆரணி பால் குடிக்கும்போது ஒருநாள் சுரீரென்று ஏதோ குத்தியது, இழுத்துப் பார்த்தால் வாய் நிறையப் பாலும் சிரிப்பும். விரலை விட்டுத் தடவினாள். கீழே பல்லு முளைக்காத வெறும் முரசு பட்டுப்போல இருந்தது. மேலே, நடுவில், அரிசி நுனி அளவுக்கு ஒன்று. மேல் பல்லு முதல் வந்தால் மாமனுக்குக் கூடாது. அம்மா உயிரோடு இருந்த காலத்தில் பக்கத்து வீட்டுக்காரிக்குச் சொன்னது, சொன்ன குரல்கூடக் காதில் நிற்கிறது, அதோடு மற்றதையும் சொன்னா அம்மா, பயப்பிடாதை, மாமன்காரன் தன்ரை கையாலை பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் உடைச்சு விட்டால் சரி. ஒரு தேங்காய். இவ்வளவுதான். ஆனால் அதற்கு மாமனுக்குச் சொல்லவேண்டும், மாமனுக்குச் சொன்னால் அவர் அறிவார், அவர் அறிந்தால் மச்சாள் அறிவா, மச்சாள் அறிந்தால் ஊர் அறியும், தோசம் உள்ள மாமனைக் கொட்டவிடலாமோ, என்ரை மனிசன் கொட்டட்டும். கேட்டு வாங்கின ஒரேயொரு காரியம் போய்விடும். அண்ணை புதுச் சேட் வாங்கி வைத்திருக்கிறான் என்று வேறு அவர் சொன்னார். அதால் ஒளித்தாள். கீழ்ப் பல்லு வரும்வரைக்கும் ஒளித்துவைத்தால் காணும், அது போதும், பிறகு எது முதல் எது பிறகு என்று யார் கேட்கப்போகிறார்கள். யாராவது பிள்ளையைத் தூக்கக் கை நீட்டினால் பசிக்குது அவளுக்கு என்று நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். பிள்ளை சிரித்தால் கையால் பிள்ளையின் வாயை மூடினாள். தன்னுடைய வாயை மூடுகிற அதே கை. பிள்ளை அது விளையாட்டென்று இன்னும் சிரித்தது. ஒரு நாளைக்குப் பலதரம் கீழ் முரசைத் தடவித் தடவி, வா, வா, என்று கெஞ்சினாள், தேன் வைத்துத் தேய்த்தாள், வாய்க்குள்ளே வெள்ளையாக ஏதோ தெரியுதே என்று யாராவது கேட்டால் பால்தான் அது என்றாள். மேலே இருந்தது மட்டும் ஒவ்வொரு நாளும் நீண்டது. தனியே. ஒன்றையும் பிடிக்காமல்.

அப்போதுதான் அண்ணை வந்தான். பின்னேரம், கிணற்றடியால், வழக்கம்போலச் செருப்பைத் தொலைவில் கழற்றிவிட்டு. கையில் ஒரு சைக்கிள் மணி, துடைத்துத் துடைத்து முகம் தெரிகிற மாதிரி ஆக்கியிருந்தான். ஆரணிக்கு முன்னால் குந்தியிருந்து ட்ரிங் ட்ரிங் என்று அடித்தான், அவள் கையை உதறி உதறிக் குதித்தாள், வாயைத் திறந்தாள், முழுவதாகத் திறந்தாள். "மருமோளுக்குப் பல்லு வந்திட்டுதோ பாப்பம். எங்கை, மாமாவைக் கடி பாப்பம்." விரல் பிள்ளையின் உதட்டில் பட்டுவிட்டது. தயாபரிக்கு அதற்குப் பிறகு நடந்தது இன்றைக்கும் ஒழுங்காக நினைவில் இல்லை, தாய்க்கோழி பாய்கிற மாதிரிப் பாய்ந்து பிள்ளையைப் பறித்தாள் என்பதும், பிள்ளை வீறிட்டதும், மணி விழுந்து உருண்டு கதவு நிலையில் முட்டி ஒருதரம் தானாக ட்ரிங் என்றதும்தான் நினைவு. பயத்தில் மற்றக் கை தானாக எழும்பி அவளுடைய வாயை மூடியது. அவன் அதைப் பார்த்தான். கிறீஸ் மணத்துக்கு மூக்கைப் பொத்துகிறாள் என்று நினைத்திருப்பான். அந்தக் கையை அவனுக்குத் தெரியாதா, எந்த வருடத்திலிருந்து தெரியும், ஆனால் அந்த நேரத்தில் அது அவனுக்கு நினைவுக்கு வரவில்லை, தன் கையைத்தான் பார்த்தான். உள்ளங்கையைப் பார்த்தான், பிறகு புரட்டிப் புறங்கையைப் பார்த்தான். நக இடுக்கில் கறுப்பு. எவ்வளவு கழுவினாலும் போகாத கறுப்பு, அவளுடைய பள்ளிக்கூடச் சப்பாத்தும் கலியாணக் கூறையும் அந்தக் கறுப்பில் வந்ததுதான். "கை கழுவிப்போட்டுத்தான் தொட்டனான் தயா." கோபமாகச் சொல்லியிருந்தால் பதில் வந்திருக்கும். மன்னிப்புக் கேட்கிற மாதிரிச் சொன்னான். இல்லை அண்ணை, அது இல்லை. நான்கே நான்கு சொல். அது இல்லை என்றால் வேறு என்ன என்று கேட்பான், வேறு என்ன என்றால் பல்லு, பல்லு என்றால் மாமனுக்குக் கூடாது. உனக்குக் கூடாது அண்ணை என்று எந்த வாயால் சொல்வது. அதைச் சொன்னால் அது உண்மையாகிவிடும் போல இருந்தது. அழுகிற பிள்ளையை ஆட்டிக்கொண்டு நின்றாள். தேத்தண்ணி ஊற்றி வைத்தது ஆடை படர்ந்து கிடந்தது. அவன் மணியை எடுத்துச் சேட்டில் துடைத்து யன்னல் படியில் வைத்துவிட்டு, "நேரமாகுது" என்று போய்விட்டான். அது அவனுடைய சொந்தச் சைக்கிளில் இருந்து கழற்றின மணி என்பது பிறகு அவர் சொல்லித்தான் தெரியும். "கொண்ணை மணியில்லாத சைக்கிளிலை திரியிறார், சந்தியிலை ஆரோ கேட்டதுக்கு மருமோள் வாங்கிப்போட்டா எண்டு சிரிக்கிறார்." சிரித்தானாம்.

அவன் போய் இரண்டு நாள் பொறுக்காமல் கீழ்ப் பல்லு வந்தது. இரண்டு நாள். வந்த உடனே எல்லோருக்கும் காட்டினாள், இஞ்சை பாருங்கோ மச்சாள், கீழை ஒண்டு, மேலையும் ஒண்டு, ரெண்டும் ஒரேயடியா வந்திட்டுது. மச்சாள் எட்டிப் பார்த்து, "கெட்டிக்காரி, தாயைப்போலை பிந்தாமல் முந்தப் பாக்கிறாள்" என்றா, அவ்வளவுதான், நாள் பார்த்துவிட்டார்கள். பொய் எவ்வளவு சுகமாக வாயால் வந்தது. உண்மைக்குத்தான் இந்த வாய் அடைக்கும். போன செவ்வாய்க்கிழமை அவர் சாப்பிட்டுக்கொண்டே சொன்னார், கடையில் மோட்டச்சைக்கிள் ஸ்ராண்ட் நழுவி அண்ணையுடைய காலில் விழுந்துவிட்டதாம், பெருவிரல் நகம் போச்சாம், அவ்வளவுதானாம். தயாபரி கையில் இருந்த அகப்பையைக் கறிச் சட்டிக்குள் விட்டுவிட்டாள். நகத்தோடு போனதென்று யார் சொன்னது, அது தொடக்கம் என்றால். இப்போது கடையில் எந்தச் சில்லுக்குக் கீழே குனிந்திருக்கிறானோ, எந்த பஸ்சுக்கு முன்னால் மணியில்லாமல் வருகிறானோ. மணி இருந்தால் விலகுவார்கள். மணியை இவளுடைய பிள்ளையிடம் கொடுத்துவிட்டான். ஒரு தேங்காய் உடைக்கிற விசயம். இன்றைக்கு அவள் இந்தப் பல்லுகளுக்கென்று உடைத்த தேங்காய் எத்தனை, கீறிக் கீறிக் கை மரத்துப்போகிற அளவுக்கு, அதில் ஒன்றை அவனிடம் நீட்டி அண்ணை இதைப் பிள்ளையாருக்கு உடைச்சு விடு என்று சொல்ல இல்லாத வாய். உள்ளே தள்ளின பல்லு திரும்ப வெளியே வந்திருந்தது, மச்சாள் அமத்தினது. அதைப் பிடுங்கிவிட்டு வேறு ஒன்று வைத்தாள். அதுவும் சரிந்தது. காதை முன்வாசலுக்குக் கொடுத்துக்கொண்டு எப்படிப் பல்லு நேராக நிற்கும். ஒவ்வொரு சைக்கிள் மணிக்கும் தலை வாசல் பக்கம் திரும்பியது, பிறகுதான் நினைவு வரும், அவனுடையது அடிக்காது. அடிக்காத மணிக்குக் காத்திருக்கிறாள். வராவிட்டால் மச்சாளுடைய மனிசன் வெள்ளை வேட்டியோடு கொட்டுவார், எல்லோரும் கைதட்டுவார்கள், ஆரணி ஒரு கொழுக்கட்டையைப் பிடித்து வாயில் வைப்பாள், மேல் பல்லும் கீழ்ப் பல்லும் சேர்ந்து முதல்தரம் ஒன்றைப் பிடிக்கும், அதைப் பார்க்க அவன் இருக்கமாட்டான். பிறகு ஒருநாளும் இருக்கமாட்டான். அண்ணையை அவளுக்குத் தெரியும். சண்டை பிடிக்கமாட்டான், குறை சொல்லமாட்டான், கேட்பவர்களுக்கு வேலை கிடக்கு என்பான், அப்படியே ஆண்டுக்கணக்கில் வேலை கிடக்கும்.

கிணற்றடியில் கப்பி கிரீச்சிட்டது. மோட்டர் பூட்டின பிறகு யாரும் அந்த வாளியைத் தொடுவதில்லை, ஒருத்தனைத் தவிர, கையில் கிறீஸ் இருந்தால் பைப்பைப் பிடிக்கமாட்டான், பிடியில் கறை படும் என்று. தயாபரியின் கை அப்படியே நின்றது. வாளி மேலே வந்தது, தண்ணீர் கொட்டுப்பட்டது. மறுபடியும் கப்பி. பிறகு ஒரு சத்தம், கர் கர் என்று, தும்பால் தேய்க்கிற சத்தம், சட்டி அடி கருகினால் தேய்ப்பார்களே அப்படி, ஆனால் அங்கே சட்டி ஒன்றும் இல்லை. நின்றது. தண்ணீர். மறுபடியும் தேய்த்தான். போதும் என்று நினைத்தாள், போதும் அண்ணை, தோல் போகப்போகுது. மறுபடியும் கப்பி இறங்கியது. வந்துவிட்டான், வந்தவன் வாசலுக்கு வராமல் அங்கேயே நின்று நக இடுக்கை வழித்துக்கொண்டிருக்கிறான், தண்ணீர்ச் சத்தம் நிற்காதவரைக்கும் அவன் உள்ளே வரமாட்டான், அவள் போகாதவரைக்கும் தண்ணீர்ச் சத்தம் நிற்காது. எப்படித் தொடங்குவது. அண்ணை, வந்திட்டியே. அது வேண்டாம், அப்படித் தொடங்கினால் ஓமெண்டுவிட்டு முன்னுக்குப் போய்விடுவான். அண்ணை, கால் எப்பிடி. அதுவும் வேண்டாம். இதிலையிருந்து எண்ணு என்று ஒரு பொட்டு வைத்துத் தந்தானே, அப்படி ஒரு இடம் வேண்டும், பிடித்துக்கொள்ள. விறாந்தையிலிருந்து, "தயாபரி, கொண்ணை வந்து கிணத்தடியிலை நிக்கிறாரடி, விட்டிட்டு ஓடி வா, நேரம் போகுது" என்று மச்சாள் கூப்பிட்ட சத்தத்துக்கு எழும்பினவள், பல்லு வைக்காத ஒரு கொழுக்கட்டையைத் தட்டில் அப்படியே விட்டு, மா ஒட்டின கையோடு, முன்பக்கம் போகாமல் பின்கதவுக்குத் திரும்பி, வாயை மூடவென்று தானாக எழும்பின கையை இறக்கிக்கொண்டு, அண்ணை, காணும், கழுவினது காணும், உன்ரை கையிலை ஒண்டும் இல்லை, பிள்ளைக்கு முதல் முளைச்சது மேல் பல்லு என்று தொடங்கினாள்.